ஓய்வில் எல்லாம் நல்ல பேட்டரிதான்

காலுறைக்குள் மல்டிமீட்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டு
இந்தக் குளிர்காலம் முழுக்க அலைந்தேன்,
செத்தும் சாகாத பேட்டரிகளைத் தேடி.

சிலோயேவின் உள்கடலில் எங்கள் தீவு சின்னது.
மின்கம்பி வரும் என்று மூன்று மேயர்கள் சொன்னார்கள்.
மூவரும் மாலைப் படகில் திரும்பிப் போனார்கள்.
கூரையில் நான்கு தகடுகள்.
வாரத்தில் இரண்டு நாள் வெயில்.
அந்த இரண்டு நாளும் பொங்கி வழிகிறது மின்சாரம்,
பிடித்துவைக்கத்தான் பாத்திரம் இல்லை.
புதுசாக வாங்கலாம்,
இரண்டு பசுவும் படகு இன்ஜினும் விற்றால்.

அன்குத் துறைமுகத்தில் ஒருவன், "புதுசு மாதிரி" என்றான்.
மீட்டரும் பன்னிரண்டு புள்ளி ஏழு என்றது.
ஓய்வில் எல்லாம் நல்ல பேட்டரிதான்.
பையிலிருந்த பழைய லாரி விளக்கை எடுத்து மாட்டினேன்.
பத்து எண்ணுவதற்குள் ஒன்பது வோல்ட்.
அவன் வானத்தைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
மழை வந்தது.

சால்மன் பண்ணையில் கிடந்தவை
அஜீரணக்காரன் வயிறு போல் இருபுறமும் உப்பியிருந்தன.
முனைகளில் பச்சைப் பூ.
ஈயத்தின் விலைக்கே தருகிறோம் என்றார்கள்.
ஈயத்தில் விளக்கு எரியாது.

தல்காவேயில் ஒரு பெரியவர்
தேதி முத்திரையை மணல்தாளால் தேய்த்து வைத்திருந்தார்.
பேட்டரியின் வயதை மறைத்தவர்
தன் வயதை முதல் வாக்கியத்திலேயே சொன்னார்:
"எழுபத்தொன்று. பொய் சொல்வேனா?"

கடைசியில்
காஸ்த்ரோவில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிலவறை.
சாவிக்கொத்துடன் ஹெரிபெர்த்தோ கார்கமோ.
அறுவை அரங்கின் விளக்கு அணைந்துவிட்டால்
அந்த நொடியில் எழுந்து நிற்பதற்காக
இருபது பேட்டரிகள்.
ஆறு வருடம் அப்படியே நின்றிருக்கின்றன.
"மொத்தமாக எவ்வளவு நேரம் வேலை செய்தன?"
கார்கமோ பதிவேட்டைப் புரட்டினார்.
"நாற்பத்தோரு நிமிடம்."
பிறகு ஏன் மாற்றுகிறீர்கள்?
"விதி. காத்திருந்தாலும் வயதாகும், சென்யோரா."

லாரி விளக்கை ஒவ்வொன்றிலும் மாட்டி
கால் மணி நேரம் எரியவிட்டேன்.
பனியில் கால் மரத்துப்போனது.
கார்கமோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு
அதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.
பதினெட்டு தேறின. இரண்டு இல்லை.
பேரம் பேசியதில் பன்னிரண்டாயிரம் பேசோ குறைந்தது;
என்னிடம் அதற்கும் பன்னிரண்டாயிரம் குறைந்தது.
"அடுத்த தடவை வரும்போது" என்றார்.

படகில் ஆர்த்திதோரோ எடை கேட்டார்.
நானூறு கிலோ என்றேன்.
உருளைக்கிழங்கு மூட்டை ஆறை இறக்கினார்.
ஆட்டை இறக்க மாட்டேன் என்றார்.
விளிம்புக்கு நாலு விரல் கீழே கடல்.
அமிலமும் ஆடும் நானும்
பேசாமல் வந்தோம்.

இரண்டிரண்டாகக் கோத்து ஒன்பது ஜோடி.
கடைசிக் கம்பியைத் தொடுக்கும்போது
விரல்நீளப் பொறி ஒன்று பறந்தது.
என் கல்யாண மோதிரத்தைக் கழற்றி
சட்டைப் பையில் போட்டது நல்லதாயிற்று.

இதுவரை நான் சொல்லாமல் விட்டது:
எலியுத்தேரியோவின் மூக்கில்
இரவெல்லாம் மாட்டியிருக்கும் அந்தக் குழாய்.
அவன் தூங்குவதற்கு ஒரு சின்ன இயந்திரம்
விடிய விடிய ஓடவேண்டும்.
அதை ஓட்ட ஒரு ஜெனரேட்டர் விடிய விடிய ஓடியது.
அவன் மூச்சுக்காக நான் தூங்கவில்லை,
டீசல் சத்தத்துக்காக அக்கம்பக்கத்தார் தூங்கவில்லை.

முதல் ராத்திரி.
ஜெனரேட்டர் இல்லாத வீட்டில்
கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!
மூன்று மணிக்கு எழுந்தேன்.
மீட்டரில் இருபத்து நான்கு புள்ளி ஏழு.
இயந்திரம் அவனுக்கு மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தது.
டார்ச்சும் உள்ளங்கையுமாக
ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுப் பார்த்தேன்.
ஏழாவது ஜோடியில் ஒன்று மட்டும்
ஜுரக்குழந்தையின் நெற்றி போல் வெதுவெதுப்பு.

விடிந்ததும் அந்த ஜோடியைக் கழற்றினேன்.
நல்லது, துணை தேடி ஓரமாக இருக்கிறது.
கெட்டது, கொட்டகைக் கதவுக்கு முட்டு.
தென்மேற்குக் காற்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறது.
இருபத்திரண்டு கிலோ.
அசையவில்லை.

கார்கமோவுக்குப் பணம் இன்னும் பாக்கி.